ஒன்பதாம் எண் கல்

நம் வயதுக்காரர்களுக்குப் பீங்கான் ஃபியூஸ் கட்டை நினைவிருக்கும். மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். கரண்ட் போனால் அப்பாக்கள் ஸ்டூல் போட்டு ஏறி அதை உருவி, கருகிய கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிச் செருகுவார்கள். என் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் உடைந்த ஃபியூஸ் கட்டைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மேலே வழவழவென்று இருந்தாலும் உடைந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். அதில் ஒரு கல்லை அழுத்தித் தேய்த்தால் கோடு விழும். அந்தக் கோட்டின் நிறம்தான் கல்லின் சொந்த நிறம். மேலுக்குத் தெரியும் நிறத்தை நம்பக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் எங்கள் அறிவியல் சார் ஆளுக்கு ஒரு உடைந்த ஃபியூஸ் கட்டை கொண்டுவரச் சொன்னார். அப்பாக்கள் எல்லோரும் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள்; உடைந்த பீங்கானுக்குப் பஞ்சமில்லை.

அந்த ஐப்பசி மாதம் பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது என்றார்கள். லேப் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்து வெளியே வைத்தார்கள். உள்ளே இருபத்துநாலு குழிகள். குழிக்கு ஒரு பஞ்சு மெத்தை, மெத்தைக்கு ஒரு கல். ஒவ்வொரு கல்லிலும் சிவப்புப் பொட்டு வைத்து அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் எண் போட்டிருந்தது. எந்த எண் எந்தக் கல் என்ற பட்டியலை மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். அதை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. பள்ளியின் இருப்புப் பதிவேட்டிலோ ‘கனிமக் கற்கள் – 24’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

“பேருதானே போச்சு? தேச்சுப் பாப்போம், கீறிப் பாப்போம், ஆசிட் விட்டுப் பாப்போம். தானா பேரச் சொல்லும்,” என்றார் சார்.

அவர் படித்தது தாவரவியல் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் ஒவ்வொரு கல்லுக்கும் எங்களோடு சேர்ந்து அவரும் வாயைப் பிளந்தார் போலிருக்கிறது.

அந்த ஒரு வாரம் போல நான் பள்ளிக்கூடத்தை விரும்பியது கிடையாது. முதலில் நகத்தால் கீறுவோம். நகம் பதியாவிட்டால் பித்தளைச் சாவி, அதற்கும் மசியாவிட்டால் பிளேடு. கடைசியில் அந்தக் கல்லாலேயே கண்ணாடித் துண்டைக் கீறுவோம். என் பக்கத்து இருக்கைக்காரிதான் கீறுகிறவள். பேச வேண்டியதில்லை என்பதால் கற்களை ஈரத்துணியால் துடைக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் கல் நகத்துக்கே பொடிந்தது. “சார், எங்கம்மா பூசுற பவுடராட்டம் வழுக்குது,” என்றாள் அவள். “பவுடரே இதுலதான் பண்றாங்க. மாக்கல்னு எழுது,” என்றார் சார். இரண்டாவது கரேலென்று இருந்தது. ஃபியூஸ் கட்டையில் தேய்த்ததும் செங்காவிக் கோடு விழுந்தது. “சார், ரத்தம் வருது!” என்று பின்வரிசை கத்தியது. அது இரும்புத் தாது. நாலாவது ஏடு ஏடாக உரிந்தது. காக்காப்பொன். ஆளுக்கொரு ஏடு உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டோம். ஆறாவதான வெள்ளைக் கல்லில் ஒரு சொட்டு ஆசிட் விட்டதும் கோலி சோடா மாதிரி சீறி நுரைத்தது. ஏழாவது மஞ்சளாகப் பளபளத்தது.

“சார், தங்கம்! எனக்கு ஒரு மூக்குத்தி போதும்,” என்று இருக்கைக்காரி கை நீட்டினாள்.

வாசற்படியில் துடைப்பத்தோடு நின்றிருந்த லேப் அக்கா சிரித்தார். “ஏமாந்துடாத கண்ணு. இம்மாம் பெரிய தங்கத்த பள்ளிக்கூடத்துலயா உட்டு வெப்பாங்க?”

தேய்த்தபோது கருப்புக் கோடுதான் விழுந்தது. லேப் அக்கா சொன்னதே சரி.

லேப் அக்கா திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலேறி வருவார். லேப்பைக் கூட்டுவது, குழாயில் தண்ணீர் பிடித்து வைப்பது, டெஸ்ட் ட்யூப் கழுவுவது அவர் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆறு வருடமாகத் தற்காலிகம். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் நிரந்தரம் ஆக வேண்டியவர்களின் பட்டியல் மேலே போகும், அதில் தன் பெயரும் இருக்கிறது என்று எங்களிடமே பத்துத் தடவை சொல்லியிருப்பார். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் தலைமையாசிரியை. நாங்கள் பெரிய டீச்சர் என்போம்.

வெள்ளிக்கிழமைக்குள் எட்டுக் கற்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் மட்டும் லேப்பில் மிச்சக் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் எண் கையில் வந்தது. நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். சதுரம் சதுரமாக, கண்ணாடி போல உள்ளே வெளிச்சம் போய் வந்தது. எனக்கு டைமன் கற்கண்டு ஞாபகம் வந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு நக்கிவிட்டேன்.

உப்பு. சாதாரண உப்பு இல்லை, நாக்கின் அடிவரை இறங்கும் உப்பு. பயந்துபோய்த் தாவணியில் துடைத்துக் குழியில் வைத்தேன். அடுத்த நிமிடம் பெரிய டீச்சர் உள்ளே வந்தார். பின்னாலேயே சாரும், தண்ணீர்க் குடத்தோடு லேப் அக்காவும்.

பெரிய டீச்சரின் கண் நேராக ஒன்பதாம் எண்ணுக்குத்தான் போனது.

“சார், இது ஸ்படிகம் இல்லையோ?”

“இருக்கலாம் மேடம். இன்னும் டெஸ்ட் பண்ணல.”

“டெஸ்ட் எதுக்கு? கையில வச்சாலே தெரியுதே, என்ன குளிர்ச்சி!” என்றவர், கல்லை உள்ளங்கையில் ஏந்தி, முதலில் வலது கண்ணிலும் பிறகு இடது கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். உதடு எதையோ முணுமுணுத்தது. நான் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். என் எச்சில் காய்ந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

“எம்மாம் வெல இருக்கும் டீச்சர்?” என்றார் லேப் அக்கா.

“விலையெல்லாம் சொல்ல முடியாதும்மா இதுக்கு.”

தீபாவளி விடுமுறை முடிந்து மிச்சத்தைப் பார்க்கலாம் என்று சார் பெட்டியைத் திறந்தபடியே மேசையில் விட்டார். யாரும் கலைத்துவிடக் கூடாதென்று பெட்டிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ‘தொடாதீர்கள்’ என்று பெரிதாக எழுதினார். லேப் அக்காவுக்கு அதை வாயாலும் சொன்னார்.

தீபாவளியன்று பிடித்த மழை விடவில்லை. குவார்ட்டர்ஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர். வாங்கிய வெடிகளை அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் முறத்தில் பரப்பிக் காயவைத்திருந்தார். பள்ளி மறுபடி திறக்கப் பத்து நாளாகிவிட்டது. லேப்பின் கல்நார்க் கூரை இரண்டு மூன்று இடங்களில் ஒழுகித் தரையெல்லாம் நீர். பெட்டியில் பஞ்சு ஊறிக் கிடந்தது. இருபத்துமூன்று கற்கள் இருந்தன. ஒன்பதாம் குழி காலி.

லேப் சாவி இரண்டு. ஒன்று சாரிடம், ஒன்று லேப் அக்காவின் முந்தானை முடிச்சில். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

“நா எடுக்கல டீச்சர். என் ரெண்டு புள்ளைங்க மேல சத்தியம். அத்த எடுத்துகினு போயி நா இன்னா பண்ணப்போறேன்?”

“அன்னைக்கு விலை கேட்டியே?”

“சும்மா கேட்டேன் டீச்சர். கண்ல படுற எல்லாத்துக்கும் வெல கேப்பேன். அது என் வாயி.”

திங்கட்கிழமைக்குள் கல் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் பெயர் இருக்காது, வேலையும் இருக்காது என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். பதிவேட்டில் ‘ஒன்பதாம் எண் – காணவில்லை’ என்று பென்சிலால் எழுதினார். திங்கட்கிழமை அதன் மேல் பேனாவால் எழுதுவாராம்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். எங்கள் அம்மா திருநெல்வேலிப் பக்கம். ஆவடிக்கு வந்து பதினைந்து வருடமாகியும் பேச்சு மாறவில்லை.

“கல்லயா நக்குன? ஏ மூதி, வீட்டுல திங்க ஒண்ணும் இல்லையா உனக்கு?”

“கற்கண்டுன்னு நெனச்சேம்மா. உப்பாயிருந்துச்சு. மழைத்தண்ணியில கரைஞ்சிருக்கும்.”

“அதயா உங்க பெரிய டீச்சர் கண்ணுல ஒத்திக்கிட்டாவ?” அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. “வெளிய மூச்சு விட்டுறாத. எச்சிக் கல்லக் கண்ணுல வச்சோம்னு தெரிஞ்சா சும்மா விடுவாவளா? டி.சி.யக் கிழிச்சுக் கையில குடுத்துருவாவ.”

“அந்த அக்காவுக்கு வேல போயிரும்மா.”

அம்மா கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்டினார். கிண்ட வேண்டிய குழம்பு இல்லை அது. “நீ போய்ப் படி,” என்றார்.

வாயால் சொல்லத்தான் கூடாது என்று நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். மறுநாள் ஒரு துண்டுச் சீட்டில், பெயர் போடாமல், ‘மதிப்பிற்குரிய சார், ஒன்பதாம் எண் பஞ்சை நக்கிப் பார்க்கவும்’ என்று எழுதிச் சாரின் நோட்டுக் கட்டுக்குள் செருகினேன். அந்தச் சொல்லை வேறு எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உப்பா என்று பார்க்க வேறு எப்படிச் சொல்வது? ‘மதிப்பிற்குரிய’ என்று போட்டதால் மரியாதை இருக்கிறது என்று நம்பினேன்.

சாரின் முகம் நான் பார்த்தவரை அன்றுதான் சிவந்தது. சீட்டு பெரிய டீச்சரிடம் போனது. ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் உட்காரவைத்துக் கையெழுத்துப் பரிசோதனை. அதே வரியை எல்லோரும் எழுத வேண்டும். ஆனால் பெரிய டீச்சருக்கு அந்தச் சொல்லை வாயால் சொல்ல வரவில்லை.

“எழுதுங்க. ஒன்பதாம் எண் பஞ்சை... ம்... சுவைத்துப் பார்க்கவும்.”

என் இருக்கைக்காரி எழுந்தாள். “டீச்சர், சீட்டுல வேற மாதிரி இருந்துச்சுன்னு சொன்னாங்களே. அப்படியே எழுதினாத்தானே கையெழுத்து தெரியும்?”

வகுப்பே வெடித்தது. அவள் அன்று முழுக்க வெளியே நின்றாள். வழக்கமாகச் சாய்த்து எழுதும் நான் அன்று நேராக எழுதினேன். பிடிபடவில்லை. அதனால் நடந்தது இதுதான்: லேப் அக்காதான் ஏதோ ஒரு பெண்ணைப் பிடித்து, சாரைக் கேலி செய்து சீட்டு எழுதவைத்தார் என்று பெரிய டீச்சர் முடிவு செய்தார். “திருடினதும் இல்லாம திமிரு வேற,” என்று வராந்தாவில் வைத்துச் சொன்னது எங்கள் வகுப்பு வரை கேட்டது. நான் உதவப் போய் அவர் தலையில் இன்னொன்றை ஏற்றிவிட்டேன்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. விட்டதும் லேப்புக்குப் போனேன். லேப் அக்கா குனிந்து ட்யூப் கழுவிக்கொண்டிருந்தார். பெட்டி வெயிலுக்காக ஜன்னலோரம் இருந்தது. மற்ற பஞ்செல்லாம் உலர்ந்துவிட்டது. ஒன்பதாம் குழிப் பஞ்சு மட்டும் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்து, ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது.

“அக்கா, அந்தக் கல்லு உப்பு.”

அவர் ட்யூபைக் கீழே வைத்தார். ஈரக்கையைப் புடவையில் துடைத்தார், பஞ்சில் ஒரு பிய்ப்புப் பிய்த்தார், வாயில் போட்டுக்கொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆமாண்டி. உப்பேதான். உனக்கு எப்படித் தெரியும்?”

சொன்னேன்.

“எப்ப நக்குன?”

“பெரிய டீச்சர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

“முன்னாடியா? அப்ப அவங்க கண்ணுல...” அவருக்கும் எங்கள் அம்மாவைப் போலவே சிரிப்பு வந்தது. இருமல் வரும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத்த யார்ட்டயும் சொல்லிடாத. உன்னத் தொலச்சுடுவாங்க. நீ ஊட்டுக்குப் போ, நா பாத்துக்கறேன்,” என்றார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. வராந்தாவில் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் போய்ச் சாரையும் பெரிய டீச்சரையும் அழைத்து வந்தார்.

“சார், பத்தாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு உப்புத் தண்ணியில ஒரு மருந்து ஊத்திக் காட்டுவீங்களே. கருப்புக் காயிதம் சுத்தி வெச்சிருப்பீங்களே, அந்தப் புட்டி. ரெண்டு சொட்டு ஊத்தினா தயிராட்டம் திரிஞ்சிக்கும். அந்த ட்யூபக் கழுவுறதுக்குள்ள என் வெரலெல்லாம் கருத்துப்பூடும். அத்த இந்தப் பஞ்சுல ஊத்திப் பாருங்க சார்.”

சார் குனிந்து பஞ்சின் வெள்ளை ஓரத்தைப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து அந்தப் புட்டியை எடுத்தார். வெள்ளி சேர்ந்த மருந்து, விலை அதிகம், சொட்டுச் சொட்டாகத்தான் செலவழிப்பார். மூன்றாம் குழியிலும் பதினாறாம் குழியிலும் ஒன்பதாம் குழியிலும் ஒவ்வொரு துளிப் பஞ்சு எடுத்துக் காய்ச்சி வடித்த தண்ணீரில் தனித்தனியாக அலசி, மூன்று ட்யூபில் வைத்தார். மூன்றிலும் சொட்டு விட்டார். முதல் இரண்டும் லேசாக மங்கின. ஒன்பது கெட்டித் தயிராகத் திரண்டது.

“உப்புதான் மேடம்,” என்றார் சார் மெதுவாக.

“சரி. ஆனா இதுல என்ன நிரூபணம்? கல்லை எடுத்துட்டுக் குழியில ஒரு கை உப்பைக் கரைச்சு ஊத்த எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் அவளே அந்தச் சீட்டையும் எழுத வச்சா.”

லேப் அக்கா முந்தானை முடிச்சில் இருந்த சாவியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேசுகிறவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. என் கால் எப்படி உள்ளே போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“நான் நக்கினேன் டீச்சர். கல்லையே நக்கினேன். லீவுக்கு முன்னாடி. அப்பவே உப்பாத்தான் இருந்துச்சு. சீட்டும் நான்தான் எழுதினேன்.”

“கல்லை நக்கினியா? பள்ளிக்கூடச் சாமானை எச்சில் பண்ணினியா?”

“ஆமாம் டீச்சர்.”

“எப்போ?”

“வெள்ளிக்கிழமை மத்தியானம். நீங்க வர்றதுக்கு முன்னாடி.”

பெரிய டீச்சர் கணக்குப் போடுவது அவர் முகத்திலேயே தெரிந்தது. வலது கை கண்ணை நோக்கி எழும்பி, பாதியில் நின்றது. சார் அந்த முகத்தைப் பார்க்காமலிருக்க அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்: மேசைக்கு நேர் மேலே கல்நாரில் ஒரு விரிசல், சுற்றிலும் பழுப்பு வளையம். இத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் அதன் கீழேதான் நின்று திருடனைத் தேடியிருந்தோம். சார் பார்வையைக் கீழே இறக்கினார். மேசையில் பாதி அழிந்த ‘தொடாதீர்கள்’ இன்னும் இருந்தது. உள்ளங்கையால் அதைத் துடைத்தார். பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போனது யார் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கே இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

பெரிய டீச்சர் வெளியே குழாயடிக்குப் போனார். இரண்டு கண்ணையும் தண்ணீர் அடித்து அடித்துக் கழுவினார். திரும்பி வந்தபோது புடவை மார்பெல்லாம் நனைந்திருந்தது. என்னைத் திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டவில்லை. லேப் அக்காவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. “பட்டியல்ல உன் பேர் இருக்கும்,” என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஆர்டர் வர அதற்கப்புறம் மூன்று வருடமானது. அது வேறு ஆபீஸின் தாமதம்.

பதிவேட்டை வாங்கி, பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்து, பேனாவால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேகமாகப் போய்விட்டார். சாரும் புட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனார்.

லேப் அக்கா பதிவேட்டின் மேல் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

“இன்னா எழுதிகீறாங்க? படி கண்ணு.”

“‘ஒன்பதாம் எண் – உப்பு. மழையில் கரைந்தது.’”

“காணோம்னு எங்கயும் இல்லியே?”

“இல்லக்கா.”

அவர் முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு தபா படி,” என்றார். “சத்தமா.”